சால்னா வராமல் பார்சல் கட்டாதே!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் என்னை லேபிலிருந்து கேண்டீன் வரை துரத்தினார். "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே கட்டு கட்டா வந்து கிடக்கு. நீ ப்ராஜெக்ட்ல என்னமோ செமத்தியா அடி வாங்கினியாமே, அதை எழுது" என்றார்.

அடி வாங்கிய கதையை ஊரறிய எழுதுவது சுலபமா? இருந்தாலும் எழுதுகிறேன். காரணம், நான் வாங்கிய அடி எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஜாவாஸ்கிரிப்டில் கை வைக்கிற ஒவ்வொருவரும் என்றைக்காவது ஒருநாள் வாங்கியே தீர வேண்டிய அடி அது. எனக்கு விழுந்தது என் அம்மா முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் என் வீட்டைப் பற்றி நான்கு வரி. அப்பா பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லைப் பற்ற வைத்தால் நடுநிசிக்குத்தான் இறக்குவார். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் எனக்குப் பட்டப்பெயரே 'கம்ப்யூட்டர்'. ஃபேன் ஓடவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், கேஸ் புக் பண்ணவும் கூப்பிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. மொத்தம் பதினான்கு பேர். வாரத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு. அதற்குக் கணக்கு வைத்திருப்பவர் என் அம்மா. ஐந்தாம் வகுப்புப் படித்தவர் எப்படிக் கணக்கு வைப்பார் என்று கேட்கிறீர்களா? நீளமான ஒரு நோட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். காசு வாங்கியதும் தேதி, தொகை, பக்கத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. இரண்டு வருடத்தில் ஒரு ரூபாய் கூட அம்மா நோட்டில் தப்பியதில்லை.

இதைத்தான் நான் 'நவீனப்படுத்த'க் கிளம்பினேன்!

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். 'அம்மாவின் நோட்டையே ப்ரோகிராமாக எழுதினால் என்ன?' என்று எனக்குத் தோன்றியது. உறுப்பினர் எண்ணைத் தட்டினால் அவர் சேமிப்பு எவ்வளவு என்று திரையில் வர வேண்டும். கணக்கு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் டேட்டாபேஸாக இருக்கும். திரையில் தெரிகிற பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். பட்டனை அழுத்தினால் பக்கம் சர்வரிடம் கேள்வி கேட்கும், பதிலைக் காட்டும். மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தேன்.

வீட்டில் சோதித்துப் பார்த்தபோது ஒரு சின்னக் கோளாறு இருந்தது. அம்மாவின் எண்ணைத் தட்டிப் பட்டனை அழுத்தினால் முதல் தடவை 0 என்று வரும். இரண்டாம் தடவை அழுத்தினால் சரியாக 5,200 என்று வரும். 104 வாரம், வாரம் 50. கணக்குச் சரி. 'அப்பாவோட பழைய டி.வி.எஸ்.50 மாதிரி முதல் உதைக்குக் கிளம்பாது, ரெண்டாவது உதைக்குக் கிளம்பும்' என்று நினைத்துச் சும்மா விட்டுவிட்டேன்.

தோழர்களே, அந்த முதல் உதையைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோயில் திண்ணையில் குழுக் கூட்டம். நண்பனிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "எங்க தம்பி எழுதினது. இனிமே நோட்டுப் புரட்ட வேணாம். பொத்தானை அமுக்கினா உங்க காசு வந்து நிக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

மேலத்தெருப் பெரியம்மாதான் முதலில் வந்து உட்கார்ந்தார். குழு தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவர் எண்ணைத் தட்டினேன். அழுத்தினேன்.

மொத்த சேமிப்பு: 0.

"என்னடா தம்பி இது... முட்டை போட்டிருக்கு?"

எனக்கு வியர்த்துவிட்டது. 'ரெண்டாவது உதை' ஞாபகம் வராமல், பதற்றத்தில் பக்கத்தில் இருந்த டெய்லர் அக்காவின் எண்ணைத் தட்டிவிட்டேன். அவர் குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. 26 வாரம், 1,300 ரூபாய் வர வேண்டும்.

மொத்த சேமிப்பு: 5,200.

திண்ணையில் ஒரு நிமிடம் பேச்சு மூச்சே இல்லை. அப்புறம் பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "என் கணக்குல ஒண்ணுமில்ல. நேத்து வந்தவ கணக்குல ஐயாயிரத்து இருநூறா? அப்போ என் காசுதானே அங்க ஏறியிருக்கு?"

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா? நோட்டுலதான் என்னமோ இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனார். நோட்டையும் பாங்க் பாஸ்புக்கையும் எடுத்து வந்தார். பதினான்கு பேர் கணக்கையும் முதல் வாரத்திலிருந்து வரி வரியாக வாசித்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் கைநாட்டைக் காட்டினார். முடிக்கும்போது மணி ஒன்பது. ஒரு பைசா வித்தியாசமில்லை. பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதே தாயி" என்றார். எல்லோரும் கலைந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னது இதுதான்: "ரெண்டு வருஷமா சேத்து வச்ச பேரு. உன் பொட்டி ஒரே நிமிஷத்துல என்னைத் திருடி ஆக்கிடுச்சே ராசா."

அழக்கூட முடியவில்லை எனக்கு.

* * *

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. நேராக அப்பா வேலை பார்க்கும் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரியாது. "பசிக்குதா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்குப் பேச நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒருத்தர்தான், கல்லும் ஒன்றுதான். ஆனால் எத்தனை வேலை! "மாஸ்டர், நாலு பரோட்டா பார்சல், ஒரு சுக்கா!" என்று ஒருவர் கேட்கிறார். அப்பா உள்ளே பார்த்து, "சுக்கா ஒண்ணு!" என்று குரல் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொள்கிறாரா? இல்லை. மாவை வீசுகிறார். அடுக்குகிறார். வெந்ததைத் தட்டுகிறார். அடுத்த ஆளிடம் ஆர்டர் வாங்குகிறார். உள்ளேயிருந்து "சுக்கா ரெடி!" என்று சத்தம் வந்தாலும் கையில் வீசிக்கொண்டிருக்கும் பரோட்டாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவதில்லை. கையிலிருப்பதைக் கல்லில் போட்டு முடித்த பிறகுதான் அதை வாங்குகிறார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பார்சல் கட்டுவதற்குப் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். சால்னா தீர்ந்து, புதுச் சட்டி உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. பையன் "சால்னா!" என்று உள்ளே குரல் கொடுத்தான். கொடுத்த கையோடு இலையில் பரோட்டாவை வைத்தான், பேப்பரைச் சுற்றினான், நூலைக் கட்டினான், நீட்டிவிட்டான். வாங்கியவர் பத்தடி போய்த் திரும்பி வந்து, "சால்னா எங்கய்யா?" என்று கத்த, அப்பா பையனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, சால்னா கேட்டா சால்னா வந்துட்டதா அர்த்தமா? கேக்குறது ஒரு வேலை, வர்றது ஒரு வேலை. வந்தப்புறம் கட்டுறதுதான் பார்சல். சால்னா வராம நூலைத் தொடாதே!"

பெஞ்சிலிருந்து நான் துள்ளி எழுந்தேன். அந்தப் பையன் வேறு யாருமில்லை, என் ப்ரோகிராம்!

* * *

இனிக் கொஞ்சம் பாடம். வேறு துறைத் தோழர்கள் பயப்பட வேண்டாம், பரோட்டாக் கடையை விட்டு வெளியே போக மாட்டேன்.

ஜாவாஸ்கிரிப்டை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் உருவாக்கினார். பிரவுசரில் ஓடுவதற்காகப் பிறந்த மொழி. அதில் நம் ப்ரோகிராமை ஓட்டுகிற கை, அப்பாவைப் போல ஒன்றுதான். சர்வரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அந்தக் கை சும்மா நின்றால் பக்கம் முழுதும் உறைந்துவிடும். பட்டன் கூட அமுங்காது. அதனால் கேள்வியை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வந்ததும் அது ஒரு வரிசையில் காத்திருக்கும். கையிலிருக்கிற வேலை முடிந்த பிறகுதான் அந்தப் பதிலை எடுத்துப் பார்க்கும். சுக்கா ரெடியானாலும் வீசுகிற பரோட்டாவை முடித்துவிட்டுத்தானே அப்பா வாங்குகிறார்! அதே கதைதான்.

நான் எழுதியிருந்தது என்ன? வெளியே 'மொத்தம்' என்று ஒரு வேரியபிள், ஆரம்ப மதிப்பு 0. பட்டனை அழுத்தினால் முதல் வரியில் சர்வரிடம் கேள்வி. 'பதில் வந்தால் மொத்தத்தில் போடு' என்று அதோடு ஒரு குறிப்பு. அடுத்த வரியில் 'மொத்தத்தைத் திரையில் காட்டு'.

பார்த்தீர்களா? காட்டுகிற வரி ஓடும்போது கேள்வி இன்னும் தெருமுனையைக் கூடத் தாண்டியிருக்காது. ஆகவே பெரியம்மாவுக்கு 0 காட்டியது. அதன்பிறகு நிதானமாக அவருடைய 5,200 வந்து 'மொத்தம்' வேரியபிளில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து டெய்லர் அக்கா எண்ணைத் தட்டியதும், அவர் பதில் வருவதற்குள், உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் தொகையைக் காட்டிவிட்டது! எப்போதும் ஒரு பதில் பின்தங்கியே ஓடியிருக்கிறது என் ப்ரோகிராம். வீட்டில் அம்மாவின் எண்ணையே இரண்டு தடவை தட்டியதால் முந்தைய பதிலும் இப்போதைய பதிலும் ஒன்றாக இருந்து என்னை ஏமாற்றிவிட்டது.

மறுநாள் லேபில் நண்பர்களிடம் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ரெண்டு செகண்ட் கழிச்சுக் காட்டச் சொல்லுடா" என்றான் ஒருவன். போட்டுப் பார்த்தேன். லேபில் ஜோராக வேலை செய்தது. எங்கள் தெருவில் சிக்னல் ஒரு கோடுதான். அங்கே பதில் வர நான்கு செகண்ட், சில நேரம் ஆறு செகண்ட். பழைய குருடி கதவைத் திறடி! 'நூறு வரை எண்ணிட்டுப் பார்சலைக் கட்டு' என்று அப்பா பையனிடம் சொன்னாரா? 'வந்தப்புறம் கட்டு' என்றுதானே சொன்னார்!

இன்னொருவன், "பதில் வர்ற இடத்துல ரிட்டர்ன் போட்டு வெளியே அனுப்பு" என்றான். அனுப்பினேன். திரையில் 'அன்டிஃபைன்ட்' என்று வந்தது. ஏனென்றால் உள்ளே போட்ட ரிட்டர்ன் உள்ளே இருக்கிற ஃபங்ஷனுக்குத்தான். வெளி ஃபங்ஷன் எப்போதோ வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. வெளியேயும் ஒரு ரிட்டர்ன் சேர்த்துப் பார்த்தேன். 'ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்' என்று வந்தது!

அப்போதுதான் எங்கள் லேப் சார் வந்து தோளில் கை வைத்தார். "அது எர்ரர் இல்லப்பா. உனக்கு அது டோக்கன் கொடுத்திருக்கு. நீ டோக்கனையே பிரிச்சுச் சாப்பிடப் பாக்குறே" என்றார்.

ப்ராமிஸ் என்றால் வாக்குறுதி. பணம் கட்டியதும் கடையில் கொடுக்கிற டோக்கன் மாதிரி. டோக்கன் பரோட்டா ஆகாது. ஆனால் டோக்கன் இருந்தால் பரோட்டா எப்போது வந்தாலும் நமக்குத்தான். அதற்கு மூன்றே நிலை. ஒன்று, இன்னும் வரவில்லை. இரண்டு, வந்துவிட்டது. மூன்று, வராது, இன்ன காரணம். இரண்டாவதோ மூன்றாவதோ ஆகிவிட்டால் அப்புறம் மாறவே மாறாது. 2015-இல்தான் இது ஜாவாஸ்கிரிப்டின் தர விதிகளில் ஏறியது. அதற்கு முன்னால் 'பதில் வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று கால்பேக்கைக் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பதிலுக்குள் இன்னொரு கேள்வி, அதற்குள் இன்னொன்று என்று போனால் ப்ரோகிராம் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், படிக்கிறவன் கழுத்தும் சாயும்.

2017-இல் அசிங்க், அவெய்ட் என்ற இரண்டு சொற்கள் வந்தன. கேள்விக்கு முன்னால் அவெய்ட் என்று எழுதினால், 'சால்னா வரட்டும், இந்தப் பார்சலை அதுவரை அப்படியே வை' என்று பொருள். கவனியுங்கள், கடை நிற்காது. அந்த ஒரு பார்சல்தான் நிற்கும். அப்பா மற்ற ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பதில் வந்ததும் நின்ற இடத்திலிருந்து அடுத்த வரி ஓடும். ஒரே ஒரு நிபந்தனை: அசிங்க் ஃபங்ஷன் எதுவானாலும் தன்னைக் கூப்பிட்டவரிடம் டோக்கனைத்தான் நீட்டும். ஆகவே கூப்பிட்டவரும் அவெய்ட் போட வேண்டும். மறந்தால் மறுபடி 'ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்' வந்து பல்லைக் காட்டும்.

வெளியே வைத்திருந்த வேரியபிளைத் தூக்கி எறிந்தேன். அவெய்ட் போட்டு, பதில் கைக்கு வந்த அடுத்த வரியில் திரையில் காட்டச் சொன்னேன். பெரியம்மா எண்ணைத் தட்டினேன். முதல் உதையிலேயே 5,200! டெய்லர் அக்கா: 1,300! லேப் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டிருப்பேன். ஆனால் இதற்குப் பிறகும் மூன்று பாடம் பாக்கி இருந்தது.

முதலாவது, குழுவின் மொத்தச் சேமிப்பு. பதினான்கு பேருக்கும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்ட வேண்டும். ஃபார் ஈச் போட்டு உள்ளே அவெய்ட் எழுதினேன். விடை: 0! பழைய பூஜ்யம் மறுபடியும்! ஃபார் ஈச் பதினான்கு கேள்வியையும் கிளப்பிவிட்டு, எந்த டோக்கனையும் கையில் வாங்காமல் நடையைக் கட்டிவிடும் என்று சார் விளக்கினார். சாதாரண ஃபார் வளையத்தில் அவெய்ட் எழுதினால் ஒன்று முடிந்து ஒன்றாகப் போகும். சரியான விடைதான். ஆனால் ஒரு கேள்விக்கு அரை செகண்ட் என்றால் பதினான்குக்கு ஏழு செகண்ட். அதற்குப் பதில் பதினான்கு டோக்கனையும் மொத்தமாக வாங்கி 'ப்ராமிஸ் டாட் ஆல்' என்பதிடம் கொடுத்தால், எல்லாம் வந்த பிறகு ஒரே தட்டில் கொண்டுவந்து வைக்கும். எது முந்தி வந்தாலும் நாம் கேட்ட வரிசையிலேயே அடுக்கித் தரும். அதில் ஒன்று 'வராது' ஆனாலும் மொத்தமும் 'வராது' ஆகிவிடும். வந்தது எது, வராதது எது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 2020-இல் வந்த 'ஆல் செட்டில்ட்' இருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சார் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, பதினாலு தடவை ஏன் கேக்குறே? மொத்தம் எவ்வளவுன்னு டேட்டாபேஸையே ஒரே கேள்வியாக் கேட்டா சொல்லாதா?" கேட்டேன். சொன்னது: 65,000. அம்மாவின் நோட்டிலும் அதே 65,000.

இரண்டாவது, அவசரம். பெரியம்மா எண்ணைத் தட்டி, பதில் வருவதற்குள் அக்கா எண்ணையும் தட்டினால் இரண்டு பதிலும் கிளம்பி வரும். முதலில் கேட்டது முதலில் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரியம்மா பதில் தாமதமாக வந்து அக்காவின் தொகை மேல் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மருந்தும் டோக்கன்தான். ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்தேன். வருகிற பதிலின் எண் கடைசியாகக் கேட்ட எண்ணாக இல்லாவிட்டால் காட்டாமல் விட்டுவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். நெட் இல்லாவிட்டால் ப்ரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்று, தவறு நேர்ந்தால் பிடிக்கிற கேட்ச் பகுதியில் 'மொத்தம் 0 என்று வை' என எழுதியிருந்தேன். திரை அழகாக இருக்கும், சிவப்பு எழுத்து எதுவும் வராது என்ற எண்ணம். அதை எழுதிய விரலை இன்றைக்கு ஒடிக்கலாம் போலிருக்கிறது. சர்வரை எட்ட முடியாதபோதும் பெரியம்மாவுக்கு 0 என்றுதானே சொல்லும்? இன்னொரு விஷயமும் தெரிந்தது. நாம் கேள்வி அனுப்பப் பயன்படுத்துகிற ஃபெட்ச், சர்வர் '404, அப்படி எதுவும் இங்கே இல்லை' என்று சொன்னாலும், '500, எனக்கே உடம்பு சரியில்லை' என்று சொன்னாலும் 'பதில் வந்துவிட்டது' என்றே எடுத்துக்கொள்ளும். சர்வரை எட்டவே முடியாத மாதிரி நேரத்தில்தான் தவறு என்று கொடியைத் தூக்கும். ஆகவே பதில் வந்ததும் 'ஓகே'யா என்று நாமே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டலம் வந்ததும் சால்னாவா வெந்நீரா என்று முகர்ந்து பார்க்கிற மாதிரி.

எல்லாவற்றையும் திருத்தினேன். இப்போது என் பக்கம் மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும். 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்.' அல்லது தொகை. அல்லது 'பதில் கிடைக்கவில்லை, நோட்டைப் பாருங்கள்.' பூஜ்யம் என்று அது சொன்னால் சர்வரே பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது என்று பொருள். நானாக இட்டு நிரப்பிய பூஜ்யம் ஒன்றுகூட இல்லை.

* * *

மூன்று வாரம் கழித்து மறுபடியும் திண்ணை. இந்தத் தடவை அம்மா எதுவும் பெருமையாகச் சொல்லவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேண்டுமென்றே முதலில் செல்போன் நெட்டை அணைத்துவிட்டுப் பெரியம்மா எண்ணைத் தட்டினேன்.

'பதில் கிடைக்கவில்லை, நோட்டைப் பாருங்கள்' என்று வந்தது.

வாசித்துக் காட்டினேன். பெரியம்மா சிரித்துவிட்டார். "பரவாயில்லையே, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுதே! மனுஷனே சொல்ல மாட்டான்" என்றார். அப்புறம் நெட்டைப் போட்டு ஒவ்வொருவர் எண்ணாகத் தட்டினேன். நான் திரையைப் படிக்க, அம்மா நோட்டைப் படிக்க, பதினான்கும் ஒத்துப்போனது. கடைசித் தொகையைப் படித்ததும் அம்மா நோட்டை மூடி என் தலையில் லேசாகத் தட்டினார். அந்தத் தட்டுக்கு எந்த இன்டர்னல் மார்க்கும் ஈடாகாது.

நோட்டு இன்னும் இருக்கிறது. அம்மா விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

தோழர்களே, வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம், "இந்த ப்ராஜெக்டில் நீ கற்றுக்கொண்டது என்ன?" என்று கேட்டார். "இன்னும் வரவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு யோசித்துப் பார்த்தால் இந்தத் தவறை நான் ப்ரோகிராமில் மட்டும் செய்யவில்லை. நம்மில் பலர் செய்கிறோம். பரிட்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே, ரிசல்ட் வராமலே, 'எனக்கு அரியர்தான்' என்று திரையில் எழுதிக்கொள்கிறோம். இன்டர்வியூ முடித்துப் பதில் வருவதற்குள் 'நமக்கெல்லாம் எங்கே?' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு வந்த பதிலை நம் பெயருக்கு நேராகப் போட்டுப் பார்த்துப் புழுங்குகிறோம். எல்லாம் அந்த பார்சல் பையன் செய்த வேலைதான்.

என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம், "மூணு வருஷம் படிச்சியே மாப்ளே, என்ன கிடைச்சுது?" என்று கேட்பார். முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். போன பொங்கலுக்குக் கேட்டபோது சொன்னேன்:

"கேட்டு வச்சிருக்கேன் மாமா. இன்னும் வரலை. வரலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை."

மாமாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த அப்பா தலையை ஆட்டினார்.

எல்லோருக்கும் நல்ல பதில் வர வாழ்த்துகள்!

இறுதியாண்டு மாணவன்,
கணிப்பொறிப் பொறியியல் துறை